காம்பவுண்ட்: முற்றமா, வட்டியா, அபராதமா? ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் காடிக் (கார்) கண்ணாடியில் ஒரு தாள் செருகியிருந்தது. மலேசியாவில் அந்த அபராதத் தாளைக் காம்பவுண்ட் என்போம். நிறுத்தக் கட்டணம் கட்ட மறந்தது நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. தாளை உருவி எடுத்தவன் என் தங்கை மகன். படிவம் நான்கு படிக்கிறான்.

"பெரிம்மா, காம்பவுண்டுன்னா வீட்டச் சுத்தி இருக்கிற இடம்னு போன வாரந்தானே சொல்லிக் கொடுத்தீங்க? அத எதுக்குக் காடியில வச்சிட்டுப் போறாங்க?"

சிரித்தேன். ஆனால் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே சரியாகத் தெரியாது என்பது புரிந்தது. இத்தனை வருஷம் ஆங்கில டியூஷன் எடுத்தவள் நான். முற்றம் காம்பவுண்ட், அபராதம் காம்பவுண்ட், வட்டி காம்பவுண்ட், வேதியியலில் காம்பவுண்ட், இலக்கணத்தில் காம்பவுண்ட். ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை வேலை? அன்றிலிருந்து தோண்டித் தெரிந்துகொண்டதை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: இது ஒரு சொல் அல்ல, இரண்டு

முதலில் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எழுத்து ஒன்று, உச்சரிப்பும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் பிறந்த வீடு வேறு வேறு. வட்டி, வேதியியல், இலக்கணம், எலும்பு முறிவு, அபராதத் தாள் எல்லாம் லத்தீன் வீட்டுப் பிள்ளைகள். வேலி போட்ட வளாகம், வீட்டு முற்றம், காம்பவுண்ட் சுவர் இவை மட்டும் மலாய் வீட்டுப் பிள்ளைகள். ஆமாம், நம் ஊர் மலாய்தான். கம்போங் என்ற சொல்லைத்தான் வெள்ளைக்காரன் கடலோரத்தில் கேட்டு, தனக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு சொல்லின் சட்டையை அதற்கு மாட்டிவிட்டான்.

நல்ல அகராதி எதிலும் இந்தச் சொல் இரண்டு தனிப் பதிவுகளாக, தலையில் 1, 2 என்று எண்ணிட்டு இருக்கும். பிள்ளைகள் முதல் பதிவைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பியோ இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிடுகிறது. அகராதியில் அந்தச் சிறிய எண்ணைத் தேடிப் பார்ப்பதே பாதி வேலை.

மலாய்மொழி இதில் குழம்பவே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஊரைக் கம்போங் என்றும், அபராதத் தாளைக் கொம்பாவுன் என்றும் தனித்தனியாக எழுதுகிறது. ஆங்கிலம் சேர்த்துக் கட்டிய முடிச்சு மலாயில் அவிழ்ந்தே கிடக்கிறது. சந்தேகம் வந்தால் ஆங்கில அகராதிக்கு முன்னால் மலாயில் அதை எப்படிச் சொல்வோம் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மொழியும் புழங்கும் பினாங்குப் பிள்ளைகளுக்கு இந்தக் குறுக்குவழி இருக்கிறது, லண்டன் பிள்ளைகளுக்கு இல்லை.

படி 2: காதால் பிரியுங்கள்

பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசையில். காம் என்பதை அழுத்தி, பவுண்ட் என்பதை இறக்கிச் சொல்ல வேண்டும். பெயருக்கு முன்னால் அடையாக வரும்போதும் பெரும்பாலும் அப்படித்தான். வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். காம் என்பது சுருங்கிக் கம் ஆகிவிடும்: கம்பவுண்ட். ரெக்கார்ட், பெர்மிட், எக்ஸ்போர்ட் எல்லாம் இதே சாதி. பெயருக்கு முன்னழுத்தம், வினைக்குப் பின்னழுத்தம்.

தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை. அதனால் நம் காது இதைக் கவனிக்கப் பழகவில்லை. வாய்மொழித் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் இந்த ஒன்றை மட்டும் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும்.

படி 3: லத்தீன் வீட்டுக்குப் போய் வருவோம்

லத்தீனில் கொம் என்றால் சேர்ந்து, போனெரே என்றால் வைத்தல். இரண்டும் இணைந்தது கொம்போனெரே, சேர்த்து வைத்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லுக்குக் கடைசியில் இருக்கும் ட் ஒலியே கிடையாது. கொம்பூனென் போல ஒலித்தது. ட் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒலியைக் குறிக்கும் சவுண்ட் என்ற சொல்லிலும் இதே கதை, முன்பு அது வெறும் சூன். ன் என்று முடியும் இடத்தில் நாக்கு தானாக ஒரு ட் போட்டுவிடுகிறது.

இதே வீட்டுப் பிள்ளைகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் சொல்வளம் பெருகும். இசையமைக்கும் கம்போஸ், உறுப்பைக் குறிக்கும் காம்பொனென்ட், பல பொருள் கலந்த காம்போசிட், இவையெல்லாம் உடன்பிறப்புகள். குப்பையை மக்கவைக்கும் காம்போஸ்ட்டும் இதே குடும்பம்தான். காய்கறித் தோலையும் இலையையும் சேர்த்து வைப்பதுதானே அது!

சேர்த்து வைத்தல் என்ற அடிப்பொருளைப் பிடித்துக்கொண்டால் அடுத்த படி எளிது.

படி 4: எதை எதோடு சேர்த்தார்கள் என்று கேளுங்கள்

லத்தீன் வீட்டுக் காம்பவுண்ட் எங்கே வந்தாலும் இந்தக் கேள்வியைப் போடுங்கள்.

வேதியியலில் தனிமங்களைச் சேர்த்தால் சேர்மம். தமிழ்ச்சொல்லே விளக்கத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனால் பிள்ளைகள் சேர்மத்தையும் கலவையையும் குழப்புகிறார்கள். நான் நாசி கண்டார் கடையை உதாரணம் காட்டுவேன். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் சோற்றின்மேல் ஊற்றச் சொல்கிறீர்கள். அது கலவை. எந்த விகிதத்திலும் ஊற்றலாம், ஒவ்வொரு குழம்பும் தன் குணத்தோடு கிடக்கிறது. தண்ணீர் அப்படியல்ல. இரண்டு ஹைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, விகிதம் மாறாது. எரியும் வாயுவும் எரிய உதவும் வாயுவும் சேர்ந்து நெருப்பை அணைக்கும் பொருளாகிவிட்டன. அது சேர்மம்.

இலக்கணத்தில் இரண்டு சொல்லைச் சேர்த்தால் கூட்டுச்சொல். பிளாக்போர்ட் என்று ஒரே மூச்சில், முன்னழுத்தத்தோடு சொன்னால் வகுப்பறைப் பலகை. பிளாக், போர்ட் என்று இரண்டையும் அழுத்தினால் கறுப்பு நிறப் பலகை எதுவாகவும் இருக்கலாம். இரண்டு முழு வாக்கியங்களை ஆண்ட், பட் போட்டுச் சேர்த்தால் கூட்டு வாக்கியம். இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. தமிழில் "கடைக்குப் போய், பசியாறி, வீட்டுக்கு வந்தோம்" என்று எச்சங்களாலேயே கோத்துவிடுகிறோம். அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு பத்தி முழுக்க ஆண்ட் மழை. கூட்டு வாக்கியம் தெரியும் என்பதற்காக எல்லாவற்றையும் கூட்ட வேண்டியதில்லை.

ஈயின் கூட்டுக்கண், எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வரும் முறிவு, இவை தேர்வில் அதிகம் வருவதில்லை, பெயரைத் தெரிந்துவைத்தால் போதும். மருந்துகளைக் கலந்து கொடுப்பவரைத் தமிழ்நாட்டில் கம்பவுண்டர் என்பார்கள். நம் தோட்டங்களில் அந்த இடத்தில் இருந்தவர் டிரெஸர். கம்பவுண்டர் என்ற சொல் இங்கே வேரூன்றவில்லை. அதனால் தமிழ்நாட்டுப் பழைய படம் பார்க்கும் மலேசியப் பிள்ளைகள் "காம்பவுண்ட் சுவர் கட்டுறவரா?" என்று கேட்கிறார்கள்.

வட்டிக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தனி வட்டியில் முதலுக்கு மட்டும் வட்டி. கூட்டு வட்டியில், வந்த வட்டியையும் முதலோடு சேர்த்து வைத்து அடுத்த முறை அதற்கும் வட்டி. வட்டிக்கு வட்டி என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். 1,000 வெள்ளியை (ரிங்கிட்) ஆண்டுக்கு 10 சதவீதத்தில் போடுங்கள். தனி வட்டியில் பத்தாம் ஆண்டு முடிவில் 2,000 வெள்ளி. கூட்டு வட்டியில் முதல் ஆண்டு 1,100, அடுத்து 1,210, அடுத்து 1,331. பத்தாம் ஆண்டு முடிவில் 2,593 வெள்ளி 74 காசு. பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று வாய்க்கணக்காகப் போட 72ஐ வட்டி விகிதத்தால் வகுக்கலாம். 6 சதவீதம் என்றால் ஏறக்குறைய 12 ஆண்டு. நம் சம்பளத்தில் பிடிக்கும் ஊழியர் சேமநிதி இப்படித்தான் வளர்கிறது. ஆண்டு லாப ஈவு கணக்கிலேயே சேர்ந்து, மறு ஆண்டு அதற்கும் ஈவு வருகிறது. இளம் வயதில் எடுக்காமல் விடச் சொல்வது அதனால்தான்.

பினாங்கு ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கியில் உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதிய காலத்துக்கு இந்த ஆங்கிலச் சொல் தேவைப்படவில்லை. அவர்களுடைய கிட்டங்கி என்ற சொல்லுக்கே தனிக் கதை உண்டு. தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி, மலாயில் குடாங், ஆங்கிலத்தில் கோடவுன். நம் கரைச் சொற்கள் மலாய் வழியாக ஆங்கிலத்தில் ஏறிய கதை அது. அடுத்த படியில் வருவதும் அந்தத் தடத்தில் போன சொல்தான், இந்தத் தடவை மலாயிலிருந்து கிளம்பியது.

படி 5: கம்பத்துக்குப் போவோம்

கம்போங்கை நாம் கம்பம் ஆக்கிவிட்டோம். "எங்க கம்பத்துல தண்ணி வரல" என்று பேசும்போது தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளி மின்கம்பத்தைத் தேடுவார். இங்குள்ள தமிழருக்கு அது அந்நியச் சொல்லே அல்ல. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த நம்மவர்களின் கம்போங் புவா பாலா 2009இல் இடிக்கப்பட்டபோது, அந்தப் பெயரைச் சொல்லாத தமிழ்வீடு பினாங்கில் இல்லை.

மலாயில் கம்போங் என்றால் முதலில் ஊர் என்பதைவிட ஒன்றுகூடி நிற்கும் வீடுகளின் தொகுதி. பெர்கம்போங் என்றால் ஒன்றுகூடுதல். இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. லத்தீன் சொல்லின் வேர் சேர்த்து வைத்தல். மலாய்ச் சொல்லின் வேர் சேர்ந்திருத்தல். இரண்டுக்கும் ரத்த உறவு ஒரு துளியும் இல்லை. ஒலியும் பொருளும் தற்செயலாக அருகருகே வந்து நின்றன. வெள்ளைக்காரன் காதில் கம்போங் விழுந்ததும், அவனுக்குத் தெரிந்த காம்பவுண்ட் என்ற எழுத்துக்கூட்டில் அது வழுக்கி விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்தப் பொருளில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி நட்டது 1786இல். அதாவது தீவு ஆங்கிலேயர் கைக்குப் போவதற்கு நூறு வருஷம் முன்பே நம் சொல் அவர்கள் வாய்க்குப் போய்விட்டது. மலாக்காவைப் போர்ச்சுகீசியர் 1511இலும் டச்சுக்காரர் 1641இலும் பிடித்தார்கள் அல்லவா, அந்த இரு கூட்டத்தில் ஒன்றன் வழியாகத்தான் சொல் கைமாறியிருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. கீழை நாடுகளில் ஐரோப்பிய வணிகர்கள் பண்டகசாலையும் வீடும் வைத்து வேலி போட்டுக்கொண்ட இடமே முதலில் காம்பவுண்ட்.

இந்த வரலாறு சண்டை இல்லாமல் நிலைபெறவில்லை. போர்ச்சுகீசிய மொழியில் வயல்வெளியைக் குறிக்கும் காம்போ என்பதிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி இருந்தது. இந்திய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி 1886இல் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டு மலாய்ப் பக்கமே சாய்ந்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

சொல் அதோடு நிற்கவில்லை. 1880களில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில், கறுப்பினத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே போக முடியாதபடி அடைத்துவைத்த கொட்டடிகளுக்கும் காம்பவுண்ட் என்றே பெயர் வைத்தார்கள். கூடி வாழும் இடத்துக்கு வைத்த பெயர் அடைத்து வைக்கும் இடத்துக்குப் போனது. இன்று செய்தியில் தூதரகக் காம்பவுண்ட், ராணுவக் காம்பவுண்ட் என்று வரும்போதெல்லாம் உயர்ந்த மதிலும் காவலும்தான் கண்முன் வருகின்றன.

இந்தியப் பக்கம் வந்தது கதையின் இன்னொரு கிளை. காம்பவுண்ட் சுவர் இல்லாத வீடு தமிழ்நாட்டில் வீடே அல்ல. அந்தச் சுவரைக் கட்டும் கொத்தனார் ஒரு மலாய்ச் சொல்லைப் பேசுகிறார் என்று சொன்னால் நம்ப மாட்டார். மதுரைப் பக்கம் காம்பவுண்ட் வீடு என்று ஒன்று உண்டு. ஒரே வாசல், உள்ளே வரிசையாக வாடகை வீடுகள், பொதுவாக ஒரு குழாய். என் கணிப்பில், மலாய்ச் சொல்லின் பழைய பொருளுக்கு ஆங்கில முற்றத்தைவிட இந்த மதுரை வீடுதான் நெருக்கம்.

எழுதும்போது கவனிக்க ஒன்று. பள்ளி வளாகம், வீட்டைச் சுற்றிய இடம் என்றெல்லாம் மலேசிய ஆங்கிலத்தில் காம்பவுண்ட் சகஜம். பிரிட்டனில் சாதாரண வீட்டு இடத்தை அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது கார்டன் அல்லது யார்ட். அங்கே படிக்கப் போகும் பிள்ளை "எங்கள் காம்பவுண்டில் மாமரம் இருக்கிறது" என்று எழுதினால், நீ என்ன முகாமில் வளர்ந்தாயா என்று பார்ப்பார்கள்.

படி 6: கண்ணாடியில் செருகிய தாள்

இப்போது என் தாளுக்கு வருகிறேன். அது லத்தீன் வீட்டுப் பிள்ளை. எதை எதோடு சேர்த்தார்கள் என்ற கேள்வியைப் போட்டால் இங்கே தடுமாறுவீர்கள். நானும் தடுமாறினேன்.

சேர்த்து வைத்தல் என்பது மெல்ல, இரு தரப்பையும் ஓர் ஏற்பாட்டுக்குள் கொண்டு வருதல் என்று நீண்டது. கடன்காரரோடு காம்பவுண்ட் செய்தல் என்றால், முழுக் கடனுக்குப் பதில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு தீர்த்துக்கொள்ளுதல். குற்றத்தைக் காம்பவுண்ட் செய்தல் என்றால், வழக்குத் தொடராமல் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விட்டுவிடுதல். பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் பெருங்குற்றத்துக்கு இப்படிப் பணம் வாங்கிக்கொண்டு வாய்மூடுவதே தனிக் குற்றம். சட்டமே அனுமதித்த சிறு குற்றங்களில் மட்டும், அதிகாரம் பெற்ற அலுவலர் அதைச் செய்யலாம். நம் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அந்த அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது.

ஆக, காம்பவுண்ட் தண்டனை அல்ல. அது ஒரு சமரச அழைப்பு: "நீதிமன்றம் வேண்டாம், இவ்வளவு கட்டினால் இதோடு முடித்துக்கொள்கிறோம்." கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்கு இல்லை, நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை. கட்டாவிட்டால் வழக்குக்குப் போகலாம். நான் குற்றம் செய்யவில்லை என்று நினைப்பவர் அங்கே போய் வாதாடலாம்.

நம் பேச்சில் மூன்று சொற்கள் ஒன்றாகிவிடுகின்றன. சம்மன் என்பது கூப்பிடுதல், நீதிமன்றத்துக்கு வா என்ற ஆணை. டெண்டா என்பது நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டு விதிக்கும் அபராதம். காம்பவுண்ட் இவ்விரண்டுக்கும் முன்னால் நீட்டப்படும் கை. நாளிதழ்கள் எல்லாவற்றையும் அபராதம் என்றே எழுதிவிடுவதால் வேறுபாடு தெரிவதில்லை. சம்மனைப் பற்றி இன்னொன்று: ஆங்கிலத்தில் அது சம்மன்ஸ், கடைசி ஸ் பன்மையல்ல, சொல்லின் உடம்பு. மலாயும் தமிழும் அதைப் பன்மை என்று நினைத்து வெட்டிவிட்டன.

இந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது கோவிட் காலம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. விதி மீறியவருக்கு 1,000 வெள்ளி காம்பவுண்ட். 2021 மார்ச்சில் தனிநபருக்கான உச்சம் 10,000 வெள்ளியாக ஏறியது. சந்தைக்குப் போகும் பாட்டிகூட "முகக்கவசத்த போடு, கம்பவுண்டு அடிச்சிருவான்" என்று பேசியது அப்போதுதான்.

கட்டுரையில் "நான் காம்பவுண்ட் செய்யப்பட்டேன்" என்று எழுதாதீர்கள். மலேசியப் பேச்சில் அது ஓடும். பொது ஆங்கிலத்தில் காம்பவுண்ட் செய்யப்படுவது குற்றம்தான், ஆள் அல்ல. வெளிநாட்டு வாசகர் உங்களை யாரோ எதோடோ கரைத்துவிட்டார்கள் என்று நினைப்பார். ஃபைன் என்ற வினையைப் பயன்படுத்துவது பத்திரம்.

படி 7: மோசத்தை மோசமாக்கும் வினை

செய்தித்தாள் ஆங்கிலத்தில் இன்று அடிக்கடி கண்ணில் படுவது இந்தப் பயன். பினாங்குப் பாலத்தில் விபத்து, போதாததற்கு மழை. மழை நெரிசலைக் காம்பவுண்ட் செய்தது என்று எழுதுவார்கள். பட்ட காலிலே படும் என்கிறோமே, அதேதான். ஒரு தொல்லையின்மேல் இன்னொரு தொல்லையைச் சேர்த்து வைத்தல். இந்த வினைக்குப் பின்னால் வருபவை பிராப்ளம், எர்ரர், மிஸரி, டிலே போன்ற கெட்ட செய்திகளே. மகிழ்ச்சியைக் காம்பவுண்ட் செய்தது என்று எழுதினால் காதில் இடறும். பணம் வளர்வது மட்டும் விலக்கு, அது வட்டிப் பக்கத்திலிருந்து வருவது. இந்த வினையில் அழுத்தம் பின்னசையில் என்பதை மறக்க வேண்டாம்.

படி 8: சோதித்துப் பாருங்கள்

என் வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி இது. ஆங்கிலச் செய்தி ஒன்றை எடுத்து, காம்பவுண்ட் வரும் இடங்களைக் கோடிடுங்கள். முன்னால் இன், இன்சைட், அவுட்சைட் போன்ற இடச்சொல் இருந்தால் பெரும்பாலும் கம்பத்துப் பிள்ளை. பின்னால் இன்ட்ரெஸ்ட், வேர்ட், ஐ, ஃபிராக்சர் இருந்தால் லத்தீன் பிள்ளை, அடையாக வந்திருக்கிறது. பே, இஷ்யூ, செட்டில் போன்ற வினைகளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது மலேசியச் செய்தி, பணத்தை எடுத்து வையுங்கள். காம்பவுண்டட் பை என்று வந்தால் ஏதோ தொல்லை கூடியிருக்கிறது. பிறகு ஒவ்வொன்றையும் மலாயில் சொல்லிப் பாருங்கள். சொல் மாறினால் நீங்கள் பிரித்தது சரி.

என் தங்கை மகனுக்கு இதையெல்லாம் இரண்டு வாரம் கழித்துத்தான் சொல்ல முடிந்தது. கேட்டுவிட்டு, கட்டி முடித்த அந்தத் தாளை எங்கே வைத்தீர்கள் என்றான். காடியின் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மேலே கொம்பாவுன் என்று அச்சிட்டிருந்த இடத்தில் விரல் வைத்தான். விரல் கீழே இறங்கி, குற்றம் நடந்த இடம் என்ற வரியில் நின்றது. பள்ளிவாசல் பக்கத்தில் நான் காடியை விட்ட தெருவின் பெயர்: கம்போங் கோலாம்.

"பெரிம்மா, ரெண்டும் ஒரே தாள்ல இருக்கு."

கோலாம் என்றால் மலாயில் குளம். அந்தச் சொல் நம்மிடமிருந்து போனது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் தாளைப் படம் எடுத்து வகுப்பு நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.